அனேக் தமிழ் எழுத்துரு: திரையில் சொர்க்கம், அச்சகத்தில் ரத்தக்கொதிப்பு

கோயில் கும்பாபிஷேக மலர் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் நண்பர் கேட்டார்: “எல்லா வேலைக்கும் அனேக் தமிழைத்தானே போடுறீங்க, மலருக்கும் அதையே வச்சுக்கலாமா?” அவர் கேட்ட நேரம் சரியில்லை. நான் வடிவமைத்துக் கொடுத்த ஓர் அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வேறொன்றாகி வந்திருந்தது, அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிமுடிக்கக்கூடிய பதிலும் இல்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கியது, 2022-ல் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்துக்கு வந்தது, ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் லத்தீனும் அடங்கிய குடும்பம், இலவசம். தடிமன் 100 முதல் 800 வரை கிடைக்கிறது. இதெல்லாம் மற்ற நல்ல எழுத்துருக்களிலும் ஓரளவு உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தியது அகலத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. இயல்பான அகலம் 100 என்றால், 75 முதல் 125 வரை நடுவில் எந்த எண்ணில் வேண்டுமானாலும் எழுத்தின் அகலத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழில் நோட்டீஸோ பத்திரிகையோ வடிவமைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தமிழ் பக்கவாட்டில் பரவுகிற மொழி. மலையாளத்தில் ‘க்க’ ஒரே கூட்டெழுத்தாகிவிடும், தெலுங்கில் இரண்டாவது எழுத்து கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்கோ புள்ளி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத வேண்டும். அதோடு ண, ஞ, ஊ, ஔ என்று இயல்பிலேயே அகலமான எழுத்துகள் வேறு. “கும்பாபிஷேகத்தை முன்னிட்டு நடைபெறவிருக்கும்” என்று தலைப்பில் ஒரு வரி வந்தால், அதைத் தாளுக்குள் அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்த இட நெருக்கடிக்கு முந்நூறு வயது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடியில் இருந்த கிறித்தவ மிஷனரிகளின் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரிதாக இருந்தன, காகிதமோ அரிதாக இருந்தது. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த அளவில் அச்சிட்டால் கட்டுப்படியாகாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். எழுத்தைச் சின்னதாக்குவதுதான் அன்றைக்கு இருந்த வழி. அகலத்தை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் மறுபடி முழு அச்சையும் வெட்ட வேண்டும்.

அப்புறம் எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மாற்றங்களில் ஒரு பகுதியை 1978-ல் தமிழக அரசு ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் எழுத்தின் மேலேயே ஏறியிருந்த துதிக்கை போய், தனிக் கொம்பு முன்னால் வந்து நின்றது. அச்சுக்கோப்பவர்களுக்கும் தட்டச்சருக்கும் இது பெரிய விடுதலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துதிக்கை வைத்த பழைய ‘லை’ ஓர் எழுத்தின் இடத்தில் அடங்கியது. புதியது இரண்டு எழுத்தின் இடத்தைக் கேட்கிறது. அந்த அகலத்தை அதற்குப் பிறகு வந்த எல்லா வடிவமைப்பாளர்களும் சுமக்கிறோம்.

கணினி வந்ததும் நாம் கண்டுபிடித்த குறுக்குவழி, எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குவது. ஊரில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். எழுத்தை 70 சதவீதத்துக்கு நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் அப்படியே தடிமனாக நிற்கும். ‘ப’வின் கால்கள் குச்சியாகி, அடிக்கோடு மட்டும் கனத்துக் கிடக்கும். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். ‘அண்ணன்’ என்று எழுதி நசுக்கிப் பாருங்கள், புரியும்.

அனேக் தமிழில் அகலத்தை 75-க்குக் கொண்டுவந்தாலும் கோட்டின் பருமன் குலைவதில்லை. சுழிகளுக்குள் காற்று இருக்கிறது. குறுகிய வடிவத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உபயதாரர் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வரி தாண்டினால் 100-லிருந்து 94-க்கு இறக்குகிறேன். வாசிப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, வரி அடங்கிவிடும். நடுவில் வரும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலப் பெயரும் தமிழோடு ஒட்டி நிற்கின்றன. இவ்வளவு நாள் பழகிய பிறகும், அந்த எண்ணை இறக்கும்போது வரி கச்சிதமாக உட்காருவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: 800 தடிமனையும் 75 அகலத்தையும் ஒன்றுசேர்த்துச் சிறிய அளவில் மட்டமான தாளில் அடிக்காதீர்கள். மை பரவிச் சுழிகள் அடைபடும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

அந்த அழைப்பிதழை பிடிஎஃப்பாக அனுப்பினேன். வேறு வேலைகளோடு சேர்த்து ஒரே தாளில் ஓட்ட வேண்டும், திருத்தக்கூடிய திறந்த கோப்பு வேண்டும் என்றார்கள் அச்சகத்தார். கொடுத்தேன். அவர்களிடம் இருந்த பழைய மென்பொருளில் ‘கோயில்’ என்ற சொல்லின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து, நடுவில் புள்ளிவட்டம் எட்டிப்பார்த்தது. எழுத்தையெல்லாம் கோட்டுருவாக, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றி மறுபடி அனுப்பினேன். கோட்டுருவில் திருத்தம் செய்ய முடியாது. கடைசி நேரத்தில் யாகசாலை பூஜை நேரம் மாறியது, ஓர் உபயதாரரின் பெயர் சேர்ந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கூப்பிடவில்லை. தங்களிடம் இருந்த பழைய எழுத்துருவில் அந்த இரண்டு வரிகளையும் அடித்து, இடம் போதாமல் நசுக்கி, ஒட்டி, ஓட்டிவிட்டார்கள். எந்த நசுக்கலிலிருந்து தப்பிக்க இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேனோ, அதே நசுக்கல் தாளின் நட்டநடுவில். “என் பேரை மட்டும் ஏன் இப்படி ஒல்லியா போட்டீங்க?” என்று அந்த உபயதாரர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இது முதல் தடவை நடந்ததென்றால் இவ்வளவு எழுத மாட்டேன். வேறு வேறு அச்சகங்களில், ஃப்ளெக்ஸ் கடைகளில், ஏதோ ஒரு வடிவத்தில் இது தொடர்ந்து நடக்கிறது.

அவர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருகிற யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. முதலில் கொம்பு, பிறகு ‘க’ என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிக்கலாம். எந்த மென்பொருளிலும் உடையாது. யூனிகோடில் ‘க’ முதலில் சேமிக்கப்படும், கொம்பு பின்னால் வரும். இடம் மாற்றிக் காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய பதிப்பில்தான் பல அச்சகங்களின் பிழைப்பே ஓடுகிறது. அந்த விசைப்பலகையில் விரல் பழகிய தொழிலாளி, பத்து நிமிடத்தில் நோட்டீஸ் கேட்டு நிற்கும் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. இது எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு கோயில் பெயரை உடையாமல் காட்டத் தெரியாத மென்பொருளுக்கு என்ன சமாதானம் சொல்வது? திருத்தம் வந்தால் ஒரு போன் செய்ய எந்த மென்பொருளும் தேவையில்லையே!

நண்பருக்கு என் பதில்: மலருக்கு அனேக் தமிழ் வேண்டாம். இதைவிட நன்றாகத் தமிழை ஒரு வரியில் அடக்கும் எழுத்துருவை நான் பயன்படுத்தியதில்லை, ஆனாலும் வேண்டாம். கும்பாபிஷேக மலருக்கு விளம்பரம் கடைசி நாள் இரவு வரை வரும். வாழ்த்துச் செய்திகள் அதற்கும் பிறகு வரும். அச்சகம் கட்டாயம் கை வைக்கும். பாதிப் பக்கம் ஓர் எழுத்தும் மீதிப் பக்கம் நசுங்கிய வேறோர் எழுத்துமாக வருவதைவிட, மலர் முழுக்க அவர்களுடைய பழைய எழுத்திலேயே வரட்டும். அதில் அழகு இருக்காது, ஒழுங்காவது இருக்கும்.

அழைப்பிதழை மட்டும் என்னிடம் கொடுங்கள், அனேக் தமிழிலேயே செய்கிறேன். திறந்த கோப்பு கேட்டால் தர மாட்டேன். நேரம், பெயர் எது மாறினாலும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று விழாக் குழுவிடமும் அச்சகத்திடமும் நீங்களே பேசிவிடுங்கள். அவர்கள் மறுத்தால் வேறு அச்சகம் பார்ப்போம்.