1200-க்கும் 1800-க்கும் நடுவே என்ன இருக்கிறது?

வார இறுதி ஓபன் செஸ் போட்டிகளில் 1200 ரேட்டிங்காரரும் (ரேட்டிங் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1800 ரேட்டிங்காரரும் மோதும்போது முதல் பத்து மூவ் வரை யார் யார் என்றே சொல்ல முடியாது. சிசிலியன் நஜ்டார்ஃப் என்ற ஓபனிங்கின், அதாவது ஆட்டத் தொடக்க முறையின், மூவ் வரிசைகளை 1800-ஐவிடச் சரளமாக ஒப்பிக்கும் 1200-களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மனப்பாடம் தீர்ந்த இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். எதிராளி ஒரு குதிரையை நகர்த்துகிறார். 1200 உடனே தன் திட்டத்தைத் தொடர்கிறார். 1800 கையைக் கட்டிக்கொண்டு இரண்டு விஷயம் பார்க்கிறார்: குதிரை இப்போது எதைத் தாக்குகிறது? இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது? இரண்டாவது கேள்வியில்தான் பல ஆட்டங்கள் முடிவாகின்றன.

'அவங்க பத்து மூவ் முன்னாடியே கணக்குப் போடுவாங்க' என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மாஸ்டருக்கும், ஒரு நல்ல அமெச்சூருக்கும், ஒரு புதியவருக்கும் ஆட்ட நிலைகளை 5 விநாடி மட்டும் காட்டினார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாகத் திரும்ப வைத்தார். அமெச்சூர் 8, புதியவர் 4. காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டியபோது இந்த இடைவெளி ஏறக்குறைய காணாமல் போனது. அப்படியென்றால் இது ஞாபகசக்தி மட்டும் இல்லை. கேஸ்லிங் செய்த (யானையோடு இடம் மாற்றி ஓரமாக ஒதுங்கிய) ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை: புதியவருக்கு இது ஐந்து காய், பழகியவருக்கு ஒரே உருவம். அந்த உருவங்கள் ஓபனிங் வீடியோ பார்த்தால் வராது. தினமும் புதிர் போட்டு, தோற்ற ஆட்டத்தை எஞ்சின் (செஸ் கணினி நிரல்) இல்லாமல் முதலில் தானே அலசினால்தான் வரும்.

அப்புறம் எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டம். இதில்தான் 1800 அதிகப் புள்ளி சம்பாதிக்கிறார் என்பேன். வெள்ளை ராஜா இ5 (போர்டில் e5 கட்டம்), வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7 என்று வையுங்கள். கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளையின் முறை என்றால் டிரா. கடைசி யானைகளை வெட்டிக்கொள்ளும்போது 1200 'ஒரு சிப்பாய் கூடுதலா இருக்கு' என்று மட்டும் எண்ணுகிறார். வெட்டி முடித்ததும் யார் முறை வரும் என்பதையும் 1800 எண்ணிவிட்டுத்தான் யானையைத் தொடுகிறார். இதைக் கற்க ஒரு போர்டும் ஒரு மாலையும் போதும். இன்றே வைத்துப் பாருங்கள்.