டிஸ்சார்ஜ் புக்கில் பிழை: ரெக்கார்ட் ஆபீஸா, ஸ்பர்ஷா, தீர்ப்பாயமா?

முன்னாள் படைவீரரின் ஆவணங்களில் பெயரோ தேதியோ தப்பாக இருந்தால் திருத்தம் கேட்டுப் போக மூன்று இடங்கள் உண்டு. அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ், ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம், ஆயுதப் படைத் தீர்ப்பாயம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அங்கே எதையும் திருத்தித் தர முடியாது. மனுவைச் சரிபார்த்து மேலொப்பம் போட்டு அனுப்பி வைப்பார்கள், அதுவே பெரிய உதவிதான்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரம் எதுவானாலும் ரெக்கார்ட் ஆபீஸ்தான் முதலில். ஸ்பர்ஷில் சில வேலைகள் சீக்கிரம் முடியும், தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அதிகம். ஆனாலும் மூல ஆவணம் மாறாமல் செய்யும் திருத்தம் என்றைக்காவது ஒருநாள் திரும்பி வந்து நிற்கும். அந்த நாள் பெரும்பாலும் வீரர் இறந்த பிறகு, அவர் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நாளாக இருக்கும்.

இங்கே சொல்வது தரைப்படையின் ஜேசிஓ எனும் இளநிலை அதிகாரிகளையும் ஜவான்களையும் மனதில் வைத்து. விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கிலுள்ள விமானப்படை ஆவண அலுவலகம், கடற்படை மாலுமிகளுக்கு மும்பையிலுள்ள மாலுமிகள் பணியகம். தாள்களின் பெயர் மாறும். திருமணம், பிறப்பு போன்றவை பதிவாகும் தாளைத் தரைப்படையில் பார்ட் 2 ஆர்டர், விமானப்படையில் பிஓஆர் என்பார்கள், கடற்படையில் ஜென்ஃபார்ம்.

பிழை பிறந்த இடம்

மனு எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு வீரரின் விவரம் ஒரே தாளில் இருப்பதில்லை. சேரும்போது நிரப்பிய படிவம், அதிலிருந்து சேவை விவரத் தாளான ஷீட் ரோல், திருமணமும் குழந்தை பிறப்பும் யூனிட் வழியாகப் பதிவாகும் பார்ட் 2 ஆர்டர், ஓய்வின்போது டிஸ்சார்ஜ் புக், பிறகு ஓய்வூதிய ஆணையான பிபிஓ, கடைசியாக ஸ்பர்ஷ். ஒவ்வொரு படியிலும் ஒருவர் பார்த்து இன்னொரு தாளில் எழுதியிருக்கிறார். ழகரத்தை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று தெரியாத ஒரு கிளார்க்கின் கையில் கனிமொழி கனிமோலி ஆகிவிடுவாள். லட்சுமிக்குப் பின்னால் ‘தேவி’ ஒட்டிக்கொள்ளும். பிறந்த தேதி தெரியாத மனைவிக்கு ஜனவரி 1 என்றோ ஜூலை 1 என்றோ ஒரு தேதி விழும்.

எந்தப் படியில் தப்பு விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் வேலையின் கனம். பார்ட் 2 ஆர்டரில் சரியாக இருந்து பிபிஓவில் மட்டும் தப்பென்றால் அது எழுத்துப் பிழை. ஆர்டரின் எண்ணையும் தேதியையும் காட்டினால் போதும். பார்ட் 2 ஆர்டரே தப்பென்றால் வெளிச் சான்று தேவை. திருமணம் பார்ட் 2 ஆர்டரில் வரவே இல்லை என்றால் அது திருத்தம் ஆகாது, புதுப் பதிவு. அதற்குரிய தாள்கள் வேறு.

கையில் பழைய தாள்கள் இல்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் தங்கள் ஷீட் ரோலின் நகலும் குடும்ப விவரம் வெளியான பார்ட் 2 ஆர்டர்களின் நகலும் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் வெளிவந்தவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. மிஞ்சுவது லாங் ரோல் பதிவேட்டில் சில வரிகள் மட்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் வழி

மனு போக வேண்டிய ஊர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் பொறியாளர் படையான எம்இஜி என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, மின், இயந்திரப் பொறியியல் பிரிவான இஎம்இ என்றால் செகந்திராபாத். ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சி எனும் பாதுகாப்புக் காவல் படையில் மறுபடி சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரும் உண்டு. அவர்கள் இரண்டு இடத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாக மாறிவிடாது.

மனுவின் தலைப்பில் ராணுவ எண், பதவி, பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பிபிஓ எண், கைபேசி எண். உள்ளே நீளமான கதை வேண்டாம். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ‘இப்போது இருப்பது’ ஒரு பக்கம், ‘இருக்க வேண்டியது’ மறுபக்கம் என ஆங்கில எழுத்து மாறாமல் எழுதினால் போதும். இணைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்கள், முதல் பிபிஓவும் அதற்குப் பின் வந்த திருத்த பிபிஓக்கள் அத்தனையும், இருவரின் ஆதார், பான், கணவன் மனைவி சேர்ந்த புகைப்படம், பிரமாணப் பத்திரம். மனைவி பெயர் மாற்றத்துக்கு நோட்டரி கையெழுத்தை ஏற்காமல் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் எடுத்த பிரமாணப் பத்திரம் கேட்பது வழக்கம். பெயரே வேறாகிவிட்டால் நாளிதழ் விளம்பரமோ அரசிதழ் அறிவிப்போ கூடச் சேரும்.

பிரமாணப் பத்திரம் எழுதும்போது நடக்கும் தவறு ஒன்றேதான், ஆனால் அது மனுவையே திருப்பி அனுப்பிவிடும். ‘என் மனைவியின் சரியான பெயர் இது’ என்று மட்டும் எழுதுவது. எந்தெந்தத் தாளில் எந்தெந்த விதமாகப் பெயர் இருக்கிறதோ அத்தனை வடிவத்தையும் தாளின் பெயரோடு வரிசையாகச் சொல்லி, இவை எல்லாம் ஒரே ஆள் என்று எழுத வேண்டும். ஒரு வடிவம் விடுபட்டாலும் அந்தத் தாளை வைத்துக் கேள்வி வரும்.

மனுவை நல அலுவலகத்தின் மேலொப்பத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் தன் பதிவைத் திருத்தி, பிரயாக்ராஜ் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதும். அங்கிருந்து திருத்த பிபிஓ வரும். எத்தனை நாள் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். மாதக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு இழுக்கும் வழியை ஏன் பரிந்துரைக்க வேண்டும்? ஒரே காரணம்தான், அது மனைவியின் நிலை. வீரர் உயிரோடு இருக்கும்போது ஓய்வூதியம் அவர் பெயரில் மாதாமாதம் வருகிறது. மனைவியின் பெயரில் ஓரெழுத்து தப்பினால் யாருக்கும் தெரியாது. அவர் போன மறுநாள் அந்த ஓரெழுத்து மலையாகிவிடும். வங்கியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிபிஓவில் மூன்றாவது பெயர். இவர்தான் அவர் மனைவி என்று கையெழுத்துப் போடக்கூடிய ஒரே ஆள் இப்போது இல்லை. சேர்ந்து எடுத்த புகைப்படம் இனி எடுக்க முடியாது. வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் என்று அலைய வேண்டியது, துக்கத்தில் இருக்கும், பல சமயம் ஆங்கிலமோ இந்தியோ படிக்கத் தெரியாத ஒரு அம்மா.

பிறந்த தேதிக்கும் இதே கணக்கு. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயதில் 20 சதவீதம், 85ல் 30, 90ல் 40, 95ல் 50, 100ல் முழுமையாக ஒரு மடங்கு கூடுதல். குறைந்தபட்ச அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாய் என்று வைத்தால்கூட 80 வயதில் மாதம் 1,800 ரூபாயும் அதன் மேல் அகவிலை நிவாரணமும் சேரும். பதிவில் மனைவியின் வயது இரண்டு ஆண்டு குறைவாக இருந்தால் அடிப்படையிலேயே 43,200 ரூபாய் கைக்கு வராமல் போகும். வயது அதிகமாக இருந்தால் இன்னும் வம்பு, கொடுத்த பணத்தைப் பிறகு பிடித்தம் செய்வார்கள். பிபிஓவில் மனைவியின் பிறந்த தேதிக் கட்டமே காலியாக இருக்கும் பழைய வீரர்கள் இதை இந்த வாரமே கவனிப்பது நல்லது.

ஸ்பர்ஷ் ஜெயிக்கும் இடங்கள்

முகவரி, கைபேசி, வங்கிக் கணக்கு, பான் போன்றவற்றுக்கு வெலிங்டனுக்கு எழுதுவது வீண்வேலை. ஸ்பர்ஷில் நுழைந்து மாற்றலாம், தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். இன்னொரு வகைப் பிழையும் ஸ்பர்ஷுக்கே உரியது. ஓய்வூதியம் வழங்கும் வேலை வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு மாறியபோது ஏறிய தப்புகள் அவை. காகித பிபிஓவில் ஹவில்தார் என்றிருக்கும், திரையில் நாயக் என்றிருக்கும். பதவி, சம்பளப் பிரிவான குரூப், தகுதிச் சேவை ஆண்டு இந்த மூன்றையும் வைத்துத்தான் ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ திட்ட அட்டவணையில் தொகை விழுகிறது. அதனால் முதல் வேலையாக இந்த மூன்றையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். தப்பென்றால் பிபிஓவைத் தெளிவாக ஸ்கேன் செய்து குறைதீர் பகுதியில் ஏற்றி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் ஸ்பர்ஷில் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதை நான் ஏற்க மாட்டேன். அதை மூலத்தோடு ஒத்துப்பார்த்துச் சொல்ல வேண்டியது கடைசியில் ரெக்கார்ட் ஆபீஸ்தான்.

தீர்ப்பாயம் எப்போது

2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தமிழ்நாட்டினருக்கு அருகில் இருக்கிறது. எழுத்துப் பிழைக்கு அங்கே போவது கொசுவுக்குப் பீரங்கி. அது மட்டுமில்லாமல், துறைக்குள் உள்ள வழிகளை முடிக்காமல் வந்தால் சாதாரணமாக மனுவை ஏற்க மாட்டார்கள். எழுத்தில் மறுப்பு வந்தால் அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். பதிலே வராவிட்டால் மனு கொடுத்து ஆறு மாதம் காத்திருந்து, அதன்பின் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தைத் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். ஆண்டுதோறும் புதுசாக ஒரு நினைவூட்டல் கடிதம் போட்டால் கெடு புதுப்பிக்கப்படும் என்று நினைப்பது தவறு, நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. மாதாமாதம் தொடரும் ஓய்வூதியக் குறைவுக்குத் தாமதம் பெரிய தடையாகாது. ஆனால் தர்சேம் சிங் வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நிலுவைத் தொகை வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நிற்கும்.

தீர்ப்பாயம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் மருத்துவக் குழுவின் முடிவு. ஊனம் ராணுவப் பணியால் வந்ததல்ல என்று எழுதியிருந்தால் அது கிளார்க் செய்த பிழையில்லை, கருத்து. ரெக்கார்ட் ஆபீஸ் அதை அழித்து எழுதாது. மேல்முறையீடு செய்து, மறுத்தால் தீர்ப்பாயம். சேரும்போது உடல்நலக் குறை எதுவும் குறிக்கப்படாமல் இருந்து பணியின்போது நோய் வந்திருந்தால், தரம்வீர் சிங் வழக்கின் 2013 தீர்ப்பு வீரருக்குச் சாதகமான அனுமானத்தைத் தருகிறது.

தொடாமல் விட வேண்டியவை

வீரரின் சொந்தப் பிறந்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்றக் கேட்பது பெரும்பாலும் மூடிய கதவைத் தட்டுவது. ஆதாரில் வேறு தேதி இருந்தால் ஆதாரை டிஸ்சார்ஜ் புக்குக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறையும் பெயரை இரண்டு முறையும்தான் மாற்ற விடுவார்கள், எனவே அவசரப்படாமல் எழுத்தைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்கும் இதே வழிதான். சொந்த மாவட்டம் ‘வட ஆற்காடு’ என்று இருப்பதைத் திருத்த வேண்டியதில்லை, அவர் சேர்ந்த காலத்தில் அதுதான் பெயர். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தலைகீழ். பள்ளிச் சான்றிதழை அசைக்காமல் ராணுவப் பதிவை அதற்கு ஏற்ப மாற்றுங்கள், இல்லாவிட்டால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் சேரும்போது சிக்கல் வரும்.

திருத்த பிபிஓ கைக்கு வந்ததும் உறையோடு பீரோவில் வைத்துவிடாதீர்கள். எழுத்துக்கு எழுத்து படியுங்கள். மனைவியின் பெயரைத் திருத்தும்போது பிறந்த ஆண்டைத் தப்பாக அடிப்பதும் நடக்கும். சரியாக இருந்தால் அதே நகலை வைத்து ஸ்பர்ஷிலும் மருத்துவ வசதிக்கான இசிஹெச்எஸ் அட்டையிலும் வங்கியிலும் மாற்றிவிட்டு, ஒரு நகலை மனைவி எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.