மலைப்பாதைக்கு ஒரு பாவித்த முச்சக்கர வண்டி: உரிமையாளரிடம் நேரடியாக வாங்கிய பஜாஜ் ஆர்.ஈ.

தலவாக்கலையில் வண்டியை ஓட்டியவரிடமே நேரில் வாங்கிய நாலு ஸ்ட்ரோக் பஜாஜ் ஆர்.ஈ.யைப் பற்றியது இந்த மதிப்பீடு. 2008இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னமும் மலிவாகக் கைமாறினாலும், இறக்கத்தில் அவற்றின் என்ஜின் வண்டியைப் போதிய அளவு இழுத்துப் பிடிப்பதில்லை என்பதால் அவற்றை நான் தேடவில்லை. மலைநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தையோ பெயின்டையோ அல்ல, வண்டி எப்படி நிற்கிறது என்பதைத்தான்.

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். காலையில் சைலன்சரைத் தொட்டபோது அது சில்லென்றிருந்தது. அந்தக் குளிரிலும் என்ஜின் சிரமமின்றிப் பற்றியது. பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜின் கக்கும் நீலப் புகை வரவில்லை. ஆனால், பின் சக்கரமொன்றைக் கழற்றி, பிறேக் ட்ரம்மின் உட்புறத்தில் விரலை ஓட்டியபோது, பிறேக் ஷூ உரசும் இடம் பள்ளமாகி, விளிம்பு மேடாக நின்றது தெளிவாகத் தட்டுப்பட்டது. அட்டனுக்கும் நுவரெலியாவுக்குமாக ஹயர் ஓடிய வண்டி என்பதை உரிமையாளர் மறைக்காமல் சொன்னதோடு, இரண்டு ட்ரம்மும் ஷூக்களும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கவும் சம்மதித்தார். விற்பனை நிலையத்தில் நிற்கும் வண்டி எந்தப் பாதையில் தேய்ந்தது என்று இப்படிச் சொல்ல அங்கே யாருமிருப்பதில்லை. நேரடிக் கொள்வனவின் பெரிய நன்மையாக நான் கருதுவது இதையே.

தரையிலுள்ள ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் எவரும் பணம் கொடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் ஈரம் அதன் அடியில்தான் தங்குகிறது. இந்த வண்டியில் ஓரத்தில் மட்டும் துரு இருந்தது, தகடு இற்றுப்போகவில்லை.

ஆவணங்களில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. சேசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்; லீசிங் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான கடிதம் கையில் இருக்க வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் திகதிகளையும் பார்த்துவிடுவது நல்லது. பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் வாங்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருந்தாலும், விபத்தோ வழக்கோ வந்தால் விற்றவரையும் வாங்கியவரையும் சேர்த்தே அது சிக்கவைக்கும் என்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றுவதற்கான படிவங்களில் இருவரும் கையொப்பமிட்ட பின்னரே மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

பிறேக் வேலை முடிந்தபின் ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டபோது என்ஜினே வண்டியைத் தாங்கிக்கொண்டது. பிறேக் மிதியை வளைவுகளில் மட்டுமே தொட வேண்டியிருந்தது. ஏற்றத்தில் குறை உண்டு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பதால் சுமார் 200 சீசீ என்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது. கார்பரேட்டரைச் சரிசெய்தும், பெரியவர்கள் நால்வர் ஏறினால் நானுஓயாவிலிருந்து வரும் மேட்டில் கியரைக் குறைத்தே ஆக வேண்டும். மூவரோடு நுவரெலியா, அட்டன், வெலிமடை சென்றுவர இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். குடும்பத்தோடும் பொதிகளோடும் அடிக்கடி கண்டிக்குப் போய்வர நினைப்பவர்கள் ஒரு சிறிய வேனைத் தேடுவதே சரி.