வாப்பாவின் பார்க்கருக்கு ராமநாதபுரத்தில் வைத்தியம்

ஊருக்குப் போனால் பீரோவில் கிடக்கும் பழைய மைப் பேனாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றைச் சரிசெய்யும் கை ராமநாதபுரத்தில் இன்னும் இருக்கிறது.

எங்களுக்குக் கீழக்கரை. வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கிய பார்க்கர் 51 பேனா ஒன்று வீட்டில் கிடந்தது. அவர் மௌத்தான பிறகு யாரும் தொடவில்லை. உள்ளே மை காய்ந்து இறுகி, அமுக்கினால் தண்ணீர்கூட ஏறவில்லை. சிங்கப்பூரில் ஒரு கடையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார்கள். கீழக்கரையில் பக்கத்து வீட்டுப் பையன்தான் வழி சொன்னான்: "அரண்மனைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பாக்குறவர்ட்ட குடுங்க காக்கா, பேனாவும் பாப்பாரு."

நான் கொடுத்ததும் அவர் கழற்றவில்லை. முதலில் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்தார், இரண்டு சொட்டு அமோனியா விட்டு. 1941-இல் வந்த இந்த மாடலில் நிப்பு வெளியே தெரியாது, மை காயாமல் இருக்க ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் கூட்டுக்குள் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இடுக்குகள் வரிசையாக உண்டு. மிஞ்சின மையைப் பிடித்துவைப்பவை அவைதான், அடைப்பும் அங்கேதான். "தம்பி, முறுக்கினா ஒடைஞ்சிரும். ஊறட்டும், நாளைக்கு வாங்க" என்றார். ஸ்பிரிட் போட்டால் சீக்கிரம் கரையாதா என்று கேட்டேன். இந்த பிளாஸ்டிக் உடம்பு ஸ்பிரிட்டுக்கு விரிசல் விட்டுவிடுமாம்.

மறுநாள் கிண்ணத்துத் தண்ணீர் கருநீலமாக இருந்தது. கூட்டை லேசாகச் சூடு காட்டி, ரப்பர் துண்டால் பிடித்துத் திருகினார். பிளையரை எடுக்கவே இல்லை. மை ஏற்றும் மெல்லிய குழாயின் ஓட்டையும் அடைத்திருந்தது, அதையும் ஊதிச் சுத்தம் செய்தார். 1948-க்குப் பிறகு வந்த அமுக்கும் மாடலில் மைப் பை பிளாஸ்டிக் என்பதால் எங்களுடையது பழுதில்லாமல் தப்பித்தது. ரப்பர் பை வைத்த பேனா என்றால் இத்தனை வருஷத்தில் இறுகிப்போயிருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

பிறகு நிப்பு. வாட்ச் பார்க்கும் லூப் என்ற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, எட்டு எட்டாகச் சுழித்து எழுதிப் பார்த்தார். ஒரு பக்கம் இழுக்கும்போது மட்டும் கீறினால், நிப்பின் நடுப் பிளவுக்கு இருபுறமும் உள்ள இரண்டு பல்லும் சமமாக இல்லை என்று அர்த்தம். எல்லாப் பக்கமும் கீறினால் நுனியே சொரசொரப்பு. எங்களுடையது முதல் ரகம். ஏறி நின்ற பல்லை நகத்தாலேயே மெல்ல அழுத்தி, பார்த்து, மறுபடி அழுத்தினார். உப்புத்தாள் தேய்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நுனியில் இருக்கும் கெட்டி மணி தேய்ந்தால் திரும்ப வராது.

கூடவே என் பள்ளிக்கூடத்து எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவையும் கொடுத்திருந்தேன். பார்க்கரின் தங்க நிப்புக்குக் கடல்காற்று ஒன்றும் செய்யவில்லை. இதன் எஃகு நிப்பு துருப்பிடித்து அரித்திருந்தது, மாற்றிவிட்டார். வெயில் பட்டுப் பழுப்பான உடம்பை அப்படியே விடச் சொன்னார். அதுவும் சரிதான்.

கூலி பேரம் பேசும் அளவுக்குக்கூட இல்லை. ஆனால் லீவின் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள், ஊறுவதற்கே ஒரு ராத்திரி வேண்டும். விமானத்தில் கொண்டுவரும்போது மையை முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் முழுக்கக் காலி செய்யுங்கள். பாதி மையோடு உள்ளே காற்று இருந்தால் மேலே போனதும் விரிந்து மையைத் தள்ளும். நிப்பு மேலே பார்த்தபடி சட்டைப் பையில் இருக்கட்டும்.