பினாங்கின் நீல மாளிகையும் ஈ அண்ட் ஓ விடுதியும்: எதில் தங்கலாம்?

வெண்மணலையும் கண்ணாடி போன்ற நீரையும் எதிர்பார்த்துப் பினாங்குக்குச் செல்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். மலாக்கா நீரிணையின் வடபகுதியில், மலேசியப் பெருநிலத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள இத்தீவைச் சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கிறது. நீந்துவதற்கும் பவளப்பாறைகளைக் காண்பதற்கும் அதே நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகள் பன்மடங்கு மேலானவை. ஆயினும் ஆசியத் தீவுகளில் தங்கும் விடுதிக்காகவே ஒருவர் பயணம் செய்யத் தகுந்த இடம் எது என்று கேட்டால், நான் தயங்காமல் பினாங்கைத்தான் சொல்வேன். தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளை இடித்துத் தள்ளாமல், அவற்றின் ஓடுகளையும் மரத்தையும் சுண்ணாம்பையும் காப்பாற்றி, அவற்றுக்குள்ளேயே விருந்தினரைத் தங்க வைக்கிறார்கள். அந்த வகையில் முதன்மையான இரண்டு விடுதிகளைப் பற்றியது இம்மதிப்புரை.

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிறுவிய துறைமுகம் இது. சீனர், தமிழர், மலாய்க்காரர், ஆர்மீனியர், சுமத்ராவின் அச்சேயர் எனப் பல திசைகளிலிருந்தும் வணிகர்கள் வந்து குடியேறிய இந்நகரை, மலாக்கா நகருடன் சேர்த்து, 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய கடைவீடுகள் பல விடுதிகளாக மாறின. எல்லாமே நன்றாக அமைந்துவிட்டன என்று சொல்ல முடியாது. முகப்பை மட்டும் பழையதாக வைத்துக்கொண்டு, உள்ளே சன்னல் இல்லாத சிறு அறைகளை அடுக்கியவர்களும் உண்டு. அத்தகைய ஓர் இடத்தில் ஈரவாடையோடு ஓர் இரவைக் கழித்த அனுபவம் எனக்கு உண்டு. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்சே மாளிகை இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. நீல மாளிகை என்றே ஊரார் இதை அழைக்கிறார்கள். 1840இல் சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே டச்சுக்காரர் ஆண்ட பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) பிழைக்க வந்து, கப்பல், தோட்டத்தொழில், வங்கி என்று கை வைத்த துறைகளிலெல்லாம் பொருள் சேர்த்து, பினாங்கில் சீன அரசின் துணைத்தூதராகவும் இருந்தவர் சியோங் ஃபாட் ட்சே. பல ஊர்களில் அவருக்கு வீடுகள் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இந்த வீட்டின்மீதுதான் அவருக்குத் தனிப் பற்று இருந்ததாகச் சொல்கிறார்கள். 1916இல் அவர் காலமானார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். அந்த மகன் 1989இல் இறக்கும்வரை வீடு விற்பனைக்கு வரவில்லை. ஆனால் பராமரிப்பும் இல்லை. அறைகளைப் பிரித்து வாடகைக்கு விட்டதில் பல குடும்பங்கள் உள்ளே நெருக்கியடித்து வாழ்ந்தன. இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியிருக்கக்கூடிய அந்த நிலையில், கட்டடக்கலைஞர் லாரன்ஸ் லோவும் அவருடன் சேர்ந்த சிலரும் அதை வாங்கி, பல ஆண்டுகள் செலவிட்டுச் செப்பனிட்டார்கள். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் முதன்மை விருது இதற்குக் கிடைத்தது.

38 அறைகள், கருங்கல் பாவிய 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள் என்று கணக்குச் சொல்லும்போது பெருமையடித்துக்கொள்வதாகத் தோன்றலாம். ஆனால் நடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்த எண்களுக்குப் பொருள் புரிகிறது. திறந்த வானத்திலிருந்து மழை நேரே முற்றத்தில் விழுகிறது. சுற்றிலும் நிற்கும் தூண்களுக்கிடையே காற்று கீழிருந்து மேலாக நகர்கிறது. வெளியே வெயில் கொளுத்தும் வேளையிலும் அங்கே நிழலும் குளிர்ச்சியும் நிலைத்திருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த அமைப்பு புதியதாகத் தோன்றாது. பர்மாவிலும் மலாயாவிலும் பொருள் ஈட்டிய நகரத்தார் காரைக்குடிப் பக்கத்தில் வெளிநாட்டு ஓடும் மரமும் கொண்டுவந்து வீடு கட்டியதைப் போலவே, இந்தச் சீன வணிகரும் ஸ்காட்லாந்திலிருந்து வார்ப்பிரும்புத் தூண்களையும் இங்கிலாந்தின் ஸ்டோக்கிலிருந்து தரை ஓடுகளையும் வரவழைத்து, தென்சீனக் கட்டட மரபுக்குள் அவற்றைப் பொருத்தியிருக்கிறார். கூரை முகடுகளிலும் சுவர்களிலும் உள்ள பூக்களையும் பறவைகளையும் உற்றுப் பார்த்தால், அவை வண்ணப் பீங்கான் கிண்ணங்களை உடைத்து, வேண்டிய வடிவில் கத்தரித்து, ஒவ்வொரு சில்லாகப் பதித்துச் செய்தவை என்பது தெரியும். சீனாவிலிருந்து வந்த கைவினைஞர்களின் வேலை அது.

சுவரின் நீலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது கடையில் வாங்கிப் பூசிய பெயிண்ட் அல்ல. சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசியது. அந்தச் சாயம் அக்காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராவதை அறிந்தவர்களுக்கு, ஒரு சீனரின் மாளிகைச் சுவரில் அந்த நீலத்தைக் காண்பது சற்றே உரிமை உணர்வைத் தரக்கூடும். சுண்ணாம்புப் பூச்சு சுவரிலுள்ள ஈரத்தை வெளியேற விடுவதால், ஆண்டு முழுவதும் காற்றில் நீர்ப்பதம் நிறைந்த இத்தீவுக்கு அதுவே பொருத்தமானது. அவ்வப்போது நிறம் மங்கித் திட்டுத்திட்டாகத் தெரிவதை யாரும் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

விருந்தினருக்கான அறைகள் இருபதுக்கும் குறைவு. ஒவ்வொன்றும் அளவிலும் அமைப்பிலும் வேறுபடுவதால், முன்பதிவு செய்யும்போது படங்களைப் பார்த்துக் குறிப்பிட்ட அறையைக் கேட்பது நல்லது. இது அருங்காட்சியகமும் விடுதியும் கலந்த இடம் என்பதை முன்பே தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். நாள்தோறும் வழிகாட்டியுடன் வெளியாட்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அந்நேரங்களில் நடு முற்றம் உங்களுடையதாக இருக்காது. ஆனால் மாலையில் அவர்கள் போன பிறகு அந்த முற்றமும் கூடங்களும் தங்கியிருக்கும் சிலருக்கே உரியவையாகின்றன. கொடுக்கும் வாடகையில் பாதி அதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன். முற்றம் வைத்த வீடுகளுக்கே உரிய இயல்பாக, ஒரு மூலையில் பேசுவது மறுமூலைக்குக் கேட்கும். ஆழ்ந்த அமைதியை நாடுபவர்களும், படியேறச் சிரமப்படும் முதியவர்களை அழைத்துச் செல்பவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், ஃபார்குஹர் தெருவில், கடலை ஒட்டி நிற்கிறது ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதி, சுருக்கமாக ஈ அண்ட் ஓ. 1885இல் இதைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்கள் பாரசீகத்தின் இஸ்ஃபஹானைச் சேர்ந்த ஆர்மீனியர்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியும் ரங்கூனின் ஸ்ட்ராண்டும் அவர்கள் தொடங்கியவையே. ரப்பர் விலை சரிந்த காலத்தில், 1931இல், அவர்களது நிறுவனம் நொடித்துப்போனது. பிறகு பல கைகள் மாறிய விடுதி 1996இல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, 2001இல் மீண்டும் திறந்தது. 2013இல் விக்டரி அனெக்ஸ் என்ற புதிய பகுதியும் சேர்ந்தது. இங்கே எல்லா அறைகளும் வரவேற்பறையோடு கூடிய பெரிய அறைகள். கடலைப் பார்த்த அறையில் காலையில் சன்னலைத் திறந்தால் நீரிணையும் அதற்கப்பால் பெருநிலத்தின் மலைகளும் தெரிகின்றன. இறங்கிக் குளிக்க மணற்கரை கிடையாது. கடல் மதிற்சுவரில் வந்து மோதுகிறது, அவ்வளவுதான்.

வசதி என்று பார்த்தால் ஈ அண்ட் ஓவுக்கே முதலிடம். பெரிய குடும்பங்களுக்கும் பெற்றோரோடு வருபவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். விக்டரி அனெக்ஸ் வசதியானது என்றாலும் அது வேறெந்த நல்ல நகர விடுதியையும் ஒத்தது. பழைய பகுதியான ஹெரிடேஜ் விங்கில் அறை கிடைக்காவிட்டால் இங்கே தங்குவதன் பொருளே குறைந்துவிடும். காலனிய காலத்து ஆடம்பரத்தை அப்படியே நடித்துக் காட்டுவது போன்ற ஒரு தொனி இவ்விடுதியில் உண்டு. வந்து தங்கிய எழுத்தாளர்களின் பெயர்களைச் சுவரில் மாட்டுவதில் காட்டும் அக்கறையை, அந்த நாட்களில் இதே கூடங்களில் வேலை செய்த தமிழர், சீனர் வாழ்க்கையைச் சொல்வதிலும் காட்டினால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நீல மாளிகையில் அந்த உறுத்தல் இல்லை. அது வேலை தேடிக் கடல் கடந்து வந்த ஒருவரின் வீடு.

ஒரே ஓர் இரவுதான் தங்க முடியும் என்றால் நீல மாளிகை. இரண்டு மூன்று இரவுகள் என்றால் முதலில் அங்கும் பிறகு ஈ அண்ட் ஓவிலும் என்பதே என் தேர்வு. தீவின் வடகரையிலுள்ள பத்து ஃபெரிங்கி கடற்கரை விடுதிகளில் தோட்டங்கள் அழகானவை, குறிப்பாக ராசா சயாங் விடுதியின் பழைய தூங்குமூஞ்சி மரங்கள். ஆனால் நகரம் அங்கிருந்து தொலைவு, கடலும் அந்தத் தொலைவை ஈடுசெய்யாது.

இரு விடுதிகளிலும் காலை உணவை ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே முடித்துக்கொள்வது வீண். நடந்தாலே லிட்டில் இந்தியாவின் இட்டிலிக் கடைகளும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சூலியா தெருவின் நாகூர் தர்காவும், கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா உணவகத்தின் நாசி கண்டார் என்ற குழம்புச் சோறும் வந்துவிடுகின்றன. மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மிகுதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் ஓரளவு தெளிந்திருக்கும். அதற்குள் வரும் தைப்பூசத்தின்போது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தால் நகர விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. அந்த வாரத்துக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியே வாங்குவார்கள். இணையத்தில் காட்டும் வாடகையில் பெரும்பாலும் அது அடங்காது; விடுதியில் பதிவு செய்யும்போது செலுத்த வேண்டியிருக்கும்.