மணலா, மாமரத்தடியா? யாழ்ப்பாணத்தில் போஹோ பிக்னிக் விரிக்க எது தோது

போஹோ பிக்னிக் என்றால் நிலத்தோடு ஒட்டிய இருக்கை, பல நிறத் துணிகள், ஓலை, கயிறு, மரம், மங்கலான வெளிச்சம். நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலும் பசும்புல் தரையும் அசையாத காற்றும்தான். இங்கே தரை மணல் அல்லது செம்பாட்டு மண். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று விடாமல் வீசும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. இதற்கென்றே அமைந்த மாதங்கள் மாசியும் பங்குனியும். மற்ற மாதங்களில் வைப்பதென்றால் ஒவ்வொரு பொருளையும் காற்றுக்கு நிற்குமா என்று பார்த்தே எடுக்கவேண்டும்.

கடற்கரையா, வளவா?

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் சவுக்கு மரங்கள் உண்டு, கரையோரக் கடலும் ஆழமில்லை. அது வடக்குப் பார்த்த கரை. சோளகக் காலத்தில் காற்று தரைப் பக்கத்தால் வருவதால் முதுகுப் பக்கம் ஒரு மறைப்புக் கட்டினால் போதும். மணற்காட்டுக் கடற்கரையில் மணல்மேடுகளின் அழகுக்கு ஈடே இல்லை. ஆனால் வாடைக் காற்று கடலில் இருந்து நேரே அடிக்கும். மெல்லிய மணல் சாப்பாட்டுக்குள் விழாமல் காப்பது பெரும்பாடு.

வீட்டு வளவில் மாமரத்தடி சுகம். நிழல், தண்ணீர், கழிவறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அங்கே தொல்லை முசுறு. கிளையில் இலைகளை ஒட்டிக் கட்டிய கூடு தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். கூட்டைக் கலைத்துவிட்டு அடியில் பாய் விரித்தால் பின்னேரம் முழுவதும் கடிதான். பனைக்கூடல் படத்துக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், பழம் விழுகிற ஆடி, ஆவணி, புரட்டாதியில் பனைக்கு அடியில் ஒருவரையும் இருத்தவேண்டாம். காற்று நாளில் காவோலையும் விழும்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் வருகிறார்கள் என்றால் வளவே நல்லது. பெரியவர்கள் ஆறு பேர் மட்டும் என்றால் கசூரினா.

எந்தப் பாய்?

செலவையும் கவனத்தையும் முதலில் கொடுக்கவேண்டிய இடம் தரை விரிப்பு. மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.

பனையோலைப் பாய் பாரமானது, காற்றில் இலேசில் கிளம்பாது. வெயிலில் கிடந்தாலும் காலைச் சுடாது. சாயம் போட்ட சிவப்பும் பச்சையும் ஊதாவும் கலந்த பின்னலே போஹோவுக்கு வேண்டிய நிறத்தைத் தந்துவிடும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் பனையோலைப் பொருட்கள் கிடைக்கும். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பாயின் மூலையில் பத்துத் தரம் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தப் பாயின்மேல் வெள்ளைக் குஷன் வைக்கக்கூடாது. பனி விழுந்தாலோ பிளேன்ரீ சிந்தினாலோ சாயம் மேலே ஏறிவிடும். இன்னொரு குறை, காய்ந்த ஓலை மடித்தால் வெடிக்கும். எப்போதும் சுருட்டியே கொண்டுபோங்கள். மிகவும் மொறுமொறுப்பாக இருந்தால் முதல்நாள் இரவு இலேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் இளகும்.

புற்பாய் மென்மையானது. வெறுங்காலோடு இருப்பதற்கும் சாய்ந்து படுப்பதற்கும் இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் ஈரத்தைக் குடிக்கும். ஈரமணலில் நேரே போட்டால் ஒரே நாளில் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பிளாஸ்ரிக் பாய் மலிவு, உதறினால் மணல் போய்விடும், கழுவலாம். வெயிலில் சுடும், வழுக்கும், ஒரு காற்றுக்கே பறக்கும். மேலே தெரியும்படி போட்டால் போஹோ அழகு அங்கேயே கெட்டுவிடும். அடியில் போட்டால் இதைப்போல உதவி வேறொன்றும் இல்லை.

ஆகவே மூன்றையும் அடுக்குவதுதான் சரி. ஆறு பேருக்கு, அடியில் 12 அடிக்கு 10 அடிப் படங்கு. அதன் ஓரத்தைச் சுற்றிவர அரை அடி மணலுக்குள் புதைத்துவிடுங்கள். காற்று அடியால் புகாது. அதன்மேல் பிளாஸ்ரிக் பாய். மேலே 6 அடிக்கு 3 அடிப் பனையோலைப் பாய் மூன்றைப் பக்கத்தோடு பக்கம் விரித்தால் 9 அடிக்கு 6 அடி கிடைக்கும். நடுவில் மேசை, இரு பக்கமும் மூன்று மூன்று பேர். ஆட்கள் சாயும் பக்கங்களில் மட்டும் புற்பாய். செம்பாட்டு மண்ணில் படங்கைப் புதைக்கமுடியாது. நான்கு மூலையிலும் கல் வைத்துக் குஷனால் மறையுங்கள்.

நிழலுக்கு

சவுக்கு மரங்களுக்கு இடையில் பருத்திச் சேலை கட்டுவது ஒன்று. கமுகந் தடி மூன்றை உச்சியில் கட்டிக் கூடாரமாக நிறுத்துவது இன்னொன்று. கூடாரம் படத்தில் நன்றாக வரும். ஆனால் நிழல் இரண்டு பேருக்கு மேல் போதாது, மணலில் கால் புதைந்து சரியும். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு தடியையும் ஒன்றரை அடி புதைக்கவேண்டும்.

சேலை கட்டுவதிலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. நான்கு மூலையையும் ஒரே உயரத்தில் கட்டினால் சேலை கப்பற்பாய்போலக் காற்றை வாங்கிக் கயிற்றோடு இழுக்கும், கரை கிழியும். காற்று வரும் பக்கத்தை இடுப்பளவுக்குப் பதித்து, எதிர்ப் பக்கத்தை ஆளுயரத்துக்கு மேலே தூக்குங்கள். துணியில் ஓட்டை போட்டுக் கயிறு கோர்க்கவேண்டாம். மூலைக்குள் ஒரு சின்னக் கல்லைச் சுருட்டி வைத்து, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கினால் கிழியாது. மரம் இல்லாத பக்கத்தில் மணலுக்குள் முளை நிற்காது, உருவிக்கொண்டு வரும். அரிசி உரப்பையில் மணல் நிரப்பி நடுவில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் குறுக்காகக் கிடத்தி மூடுங்கள். அதை ஆள் பிடித்து இழுத்தாலும் அசையாது.

மேசையும் குஷனும்

சரக்கு அடுக்கும் மரப் பலட்டால் செய்த மேசை இந்தப் பாணியின் அடையாளம்போல ஆகிவிட்டது. ஆனால் பாரம், சிராய் ஏறும், ஓட்டோவில் ஏறாது. 4 அடிக்கு 2 அடிப் பலகையை இரண்டு சோடாப் பெட்டிகளின்மேல் வைத்துச் சாரத்தால் மூடினால் அதே தோற்றம். உயரம் 12 முதல் 14 அங்குலம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சம்மணம் கட்டியவரின் முழங்கால் இடிக்கும்.

குஷனுக்கு இலவம்பஞ்சு வேண்டாம். கடற்கரை ஈரத்தில் கட்டிபட்டால் பிறகு சரிவராது. பைபர் நிரப்பியது கழுவிக் காயும். உறைக்குப் பழைய சேலையே போதும். 5.5 மீற்றர் சேலையை நீளத்தில் 20 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் 10 துண்டு வரும். சேலையின் 45 அங்குல அகலம், 18 அங்குலக் குஷனைச் சுற்றிப் பின்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளப் போதும், சிப் தேவையில்லை.

அலங்காரம்

வெளியிலிருந்து வரும் பம்பாஸ் புல்லுக்கு (பஞ்சுபோன்ற கதிர் உள்ள காய்ந்த அலங்காரப் புல்) பணம் கொடுக்கவேண்டாம். காற்றுக்குப் பஞ்சு பறந்து சாப்பாட்டில் ஒட்டும். இளம் பனையோலையை விசிறியாக விரித்து, பாரத்துக்கு அடியில் நிழலில் ஒரு கிழமை காயவைத்து, ஓரத்தை வேல்முனைபோலக் கத்தரித்தால், கடைகளில் 'போஹோ ஓலை' என்று விற்பதுபோலவே ஒன்று உங்கள் கையிலேயே இருக்கும். பண்டம் வைக்கச் சுளகும் கடகமும் போதும்.

வெளிச்சம்

சூரியன் இங்கே வருடம் முழுவதும் மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையில் விழுந்துவிடும். அதற்கு முன்பே விளக்குத் தயாராக இருக்கவேண்டும். மெழுகுதிரி காற்றில் நிற்காது, துணிக்கும் ஆபத்து. அரிக்கன் லாம்பின் வெளிச்சத்துக்கு இணையான நிறம் வேறில்லை. ஆனால் மண்ணெண்ணெய் வழியில் கசிந்தால் கட்லட்டும் ரோல்சும் மணக்கும். எண்ணெயைத் தனிப் போத்தலில் கொண்டுபோய் அங்கே ஊற்றுங்கள். துணியில் இருந்து மூன்று அடி தள்ளிப் பாய்க்கு வெளியே வையுங்கள். சூடான சிம்னியில் தண்ணீர் தெறித்தால் வெடிக்கும்.

யூஎஸ்பி மின்குமிழ்ச் சரம்தான் கவலையில்லாதது. பவர் பாங்கில் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சின்னச் சரம் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பாங்குகள் வேலை முடிந்ததென்று எண்ணித் தாமே அணைந்துவிடும். வீட்டில் அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பாருங்கள். அணைந்தால் இரண்டு சரத்தைச் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகள் இருந்தால் பழைய லாம்பின் சிம்னிக்குள் சரத்தைச் சுருட்டி வைத்துவிடலாம்.

வீடு திரும்பியதும் குஷனை மறுநாளுக்கு விட்டாலும் பாயை விடக்கூடாது. அன்றிரவே உதறி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, விறாந்தையில் காற்றாட நிறுத்திவையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே சுருட்டவேண்டும்.