எவர்சில்வர் உள்ளே போகட்டும், அலுமினியம் வேண்டாம்: டிஷ்வாஷருடன் நான்கு ஆண்டுகள்

டிஷ்வாஷர் வாங்கிய முதல் வாரத்திலேயே அம்மா கொடுத்த அலுமினிய இட்லித் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டேன். எடுத்தபோது தட்டு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. குழிகளின் ஓரம் கறுத்திருந்தது. தடவினால் விரலில் கரி ஒட்டியது. புளி போட்டுத் தேய்த்ததில் ஓரளவு வெளுத்ததே தவிர, பழைய பளபளப்பு இன்றுவரை திரும்பவில்லை.

காரணம் காரத்தன்மை. கையால் தேய்க்கும் சோப்பைவிட டிஷ்வாஷர் பொடியில் அது மிக அதிகம். சுடுநீரும் சேர்ந்துகொண்டால் அலுமினியத்தின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலம் கரைந்துபோகிறது. ஆகவே அலுமினிய குக்கரும் கடாயும் எங்கள் வீட்டில் கைக்கழுவல்தான்.

எவர்சில்வருக்குக் கவலையே இல்லை. தட்டு, டம்ளர், டபரா, நெய்க் கிண்ணம் எல்லாம் பிசுக்கில்லாமல் வருகின்றன. கவிழ்த்து, இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று செருகினால் உள்ளே தண்ணீர் படாது. பாலோ சாம்பாரோ அடிப்பிடித்திருந்தால் முதலில் ஊறவைத்துச் சுரண்டிவிடுங்கள். எங்கள் போர்வெல் தண்ணீரில் டம்ளர்கள் வெள்ளை பூத்தன. டிஷ்வாஷருக்கென்று விற்கும் உப்பைத் தவறாமல் நிரப்பத் தொடங்கிய பிறகு அது நின்றது. சமையல் உப்பைக் கொட்டக்கூடாது.

நான் மிகவும் வருந்துவது மிக்ஸி ஜாருக்காக. எவர்சில்வர்தானே என்று ஓராண்டு போட்டேன். ஒருநாள் சட்னி அரைக்கும்போது ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிந்தது. பழுதுபார்ப்பவர் பிரித்துக் காட்டினார்: பிளேடைத் தாங்கும் புஷ்ஷில் கிரீஸ் துளியும் இல்லை, துரு ஏறியிருந்தது. ஜாரின் உடல் எவர்சில்வர் என்றாலும் அதன் உயிர் அடியில்தான் இருக்கிறது. மூடியை மட்டும் இப்போது மேல்தட்டில் வைக்கிறேன்.

இரும்புத் தோசைக்கல்லை ஒருபோதும் வைக்காதீர்கள். பல மாதம் எண்ணெய் குடித்துப் பழகிய கல், ஒரே கழுவலில் பழக்கம் போய்த் துருப்பிடிக்கும். கல்சட்டி, மண்சட்டி, மர மத்து, ஈயச்சொம்பு, பித்தளை விளக்கு ஆகியவையும் வேண்டாம். குக்கர் எவர்சில்வராக இருந்தால் பாத்திரம் உள்ளே போகலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால் கழுவுங்கள். வெயிட்டின் துளையில் பருப்புத் துணுக்கு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்ப மாட்டுகிறேன்.